சண்டை போடாத எலி நட்பான எலியா? ஆன்டிசைக்காட்டிக் மருந்துகளும் விலங்குகளின் கூட்டு வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சிதைவு என்ற மனநோய்க்குக் கொடுக்கும் ஆன்டிசைக்காட்டிக் மருந்துகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு எப்படியோ எலியில் போய் நிற்கிறது. எலிக்குக் கொடுத்தார்களாமே, அது ஒதுங்கிப் போனதாமே என்று ஒருவர் கேட்பார். என் நாய்க்கும் இதே வகை மருந்தைத்தானே எழுதிக் கொடுத்தார்கள் என்று அடுத்தவர் கேட்பார். ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிச் சலித்துப்போய் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே, பேச்சுத் தமிழை மட்டும் எழுத்துத் தமிழாக்கி, வைத்திருக்கிறேன்.

ஆன்டிசைக்காட்டிக் என்றால் தூக்க மாத்திரைதானே?

இல்லை. இந்த வகை மருந்துகளில் பலவும் தூக்கம் தரும். ஆனால் அது பக்கவிளைவு. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகளில் 'டி2' என்று ஒரு வகை உண்டு. அதை அடைப்பதுதான் இம்மருந்துகளின் முதன்மை வேலை. குளோர்ப்ரோமசின் இவற்றில் மூத்தது. 1950 டிசம்பரில் பிரான்சில் தயாரிக்கப்பட்டது. 1952இல் பாரிஸில் மனநல மருத்துவர்கள் டிலேயும் டெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வகத்தில் ஹாலோபெரிடால் பிறந்தது. குளோசபின், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்றவற்றை 'இரண்டாம் தலைமுறை' என்கிறார்கள். இவை டி2 ஏற்பியோடு, செரடோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் ஏற்பிகளையும் அடைக்கின்றன. கீழே வரும் பதில்களில் இந்த வேறுபாடு தேவைப்படும்.

எலிக்கு மனச்சிதைவு வருமா? வராது என்றால் அதற்கு எதற்கு இந்த மருந்து?

காதில் குரல் கேட்கிறது என்று எலி நம்மிடம் வந்து சொல்லப்போவதில்லை. அதற்கு மாயக்குரல் கேட்குமா என்று அறியவும் வழியில்லை. ஆனால் மனச்சிதைவின் ஒரு பகுதி வெளியே தெரியும் பகுதி: பிறரிடமிருந்து ஒதுங்குதல், ஈடுபாடு குன்றுதல். விலங்கிலும் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியது அதுதான். ஆய்வகத்தில் மருந்து கொடுப்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் முற்றிலும் வேறு. கால்நடை மருத்துவத்தில் இதே குடும்பத்து மருந்துகள் விலங்கை அடக்கிவைக்கப் பயன்படுகின்றன. அங்கே யாரும் மனநோயைத் தேடுவதில்லை. பன்றி கடிக்காமல் இருந்தால் போதும்.

பழகுவதையெல்லாம் எப்படி அளப்பது? எலி சிரிக்குமா என்ன?

ஏறக்குறைய சிரிக்கும் என்றே சொல்லலாம். முதலில் எளியதைப் பார்ப்போம். ஒன்றையொன்று அறியாத இரண்டு எலிகளை ஒரு பெட்டியில் விட்டு, மோந்து பார்ப்பது, பின்தொடர்வது, மேலே ஏறுவது, அடியில் நுழைவது ஆகியவற்றில் எத்தனை விநாடி கழிகிறது என்று கணக்கிடுவது 1978 முதல் வழக்கத்தில் உள்ள சோதனை. மூன்று அறைச் சோதனை என்று இன்னொன்று இருக்கிறது. நடு அறையில் சுண்டெலியை விடுவார்கள். ஒரு பக்கத்து அறையில் கம்பிக் கூண்டுக்குள் இன்னொரு சுண்டெலி இருக்கும். மறுபக்கத்தில் வெறும் பொருள் இருக்கும். எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்பதே கேள்வி. ஒரு எலி குடியிருக்கும் கூண்டில் அந்நிய எலியை விட்டுத் தாக்குதலை எண்ணும் சோதனையும் உண்டு.

இனி சிரிப்பு. எலிகள் நம் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஓயாமல் ஒலி எழுப்புகின்றன. விளையாடும்போதும், மனிதக் கையால் கிச்சுக்கிச்சு மூட்டும்போதும் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் குரல் வருகிறது. அச்சத்திலும் தோல்வியிலும் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் நீண்ட குரல் வருகிறது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், தக்க ஒலிவாங்கி வரும் வரை எலிக்கூண்டு அமைதியான இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி, மருந்து கொடுத்தால் என்னதான் ஆகிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நலமான விலங்குக்குக் கொடுத்தால், தானாகத் தொடங்குவது குறைகிறது. மற்ற எலியிடம் போய் மோப்பம் பிடிப்பது, விளையாட்டுக்கு இழுப்பது, குட்டியைத் தேடி எடுத்துவருவது, எதிரி மேல் பாய்வது எல்லாம் குறையும். ஆனால் மற்ற எலி தானே வந்து இடித்தால், பதிலுக்குச் செய்யவேண்டியதைப் பெரும்பாலும் செய்துவிடுகிறது. திறமை போய்விடவில்லை, முதல் அடியை எடுத்துவைக்கும் உந்துதல்தான் மங்குகிறது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதற்கு ஏற்ப இது மாறும்.

உடம்பே அசையாவிட்டால் பழகவும் முடியாது. இதில் என்ன கண்டுபிடிப்பு இருக்கிறது?

கூர்மையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாத ஆய்வை நம்பவேண்டாம். ஹாலோபெரிடாலைக் கூடுதல் அளவில் கொடுத்தால் எலி சிலைபோல ஆகிவிடும். முன்னங்கால்களைத் தூக்கி ஒரு கம்பியின் மேல் வைத்தால், வைத்தபடியே நிற்கும். இதற்குக் 'கேட்டலெப்சி' என்று பெயர். அந்த அளவில் பழகும் நேரம் குறைந்தது என்று எழுதுவது, கால் ஒடிந்தவர் நடனத்தில் ஆர்வம் இழந்தார் என்று எழுதுவதைப் போன்றது.

அசைவையும் உந்துதலையும் பிரித்துக் காட்டிய பழைய சோதனை ஒன்று உண்டு. மணி அடித்ததும் கயிற்றில் ஏறிக்கொண்டால் காலில் மின்னதிர்ச்சி விழாது என்று எலிகளைப் பழக்கியிருந்தார்கள். குளோர்ப்ரோமசின் கொடுத்த எலி மணியைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதிர்ச்சி விழுந்ததும் கயிற்றில் ஏறியது. ஏறமுடியாமல் இல்லை, மணிக்கு ஏறத் தோன்றவில்லை. இது 1953இல் சிமோன் கூர்வாசியே குழுவினர் வெளியிட்டது. புதிய மருந்துகளைச் சலித்தெடுக்க இன்றும் இந்த முறை பயன்படுகிறது. சமூக நடத்தையிலும் இதேபோன்ற பிரிப்பு தேவை. தாய் எலியிடம் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

தாய் எலி குட்டிகளை மறந்துவிடுமா?

மறப்பதில்லை. இந்தத் தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கூட்டிலிருந்து குட்டிகளை எடுத்துக் கூண்டின் மூலைகளில் சிதறவிட்டால், தாய் எலி ஒவ்வொன்றாகக் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவரும். ஹாலோபெரிடால் கொடுத்தால் இந்த வேலை நின்றுபோகிறது, அல்லது மிகவும் தாமதமாகிறது. கூடு கட்டுவதும் குட்டிகளை நக்குவதும் குறைகின்றன. ஆனால் பாலூட்டக் குட்டிகள் மேல் வளைந்து நிற்பது கெடுவதில்லை. சில சமயம் கூடவும் செய்கிறது. ஓடியாடித் தேடும் பகுதி அடிபடுகிறது. அசையாமல் நிற்கவேண்டிய பகுதி தப்பிக்கிறது.

இதை வெறும் தசைக்கோளாறு என்று சொல்லிவிடலாமே என்றால், அதற்கும் மறுப்பு இருக்கிறது. பல மணி நேரம் பால் இல்லாமல் வைத்த குட்டிகளைக் கொடுத்தால், அதே மருந்து ஏறிய தாயின் கவனிப்பு மேம்படுகிறது. பசித்த குட்டிகளின் வற்புறுத்தல் மருந்தின் தடையை ஓரளவு தாண்டிவிடுகிறது. கால் வேலை செய்யாவிட்டால் எந்தக் குட்டி கத்தினாலும் பயனில்லை. ஆகவே கெட்டிருப்பது கால் அல்ல. குட்டியின் அழைப்பு தாயை இழுக்கும் வலு குறைந்திருக்கிறது.

குளோசபினும் குட்டி தூக்குவதைக் கெடுக்கிறது. ஆனால் வழி வேறு. டி2 ஏற்பியைத் தூண்டும் பொருளை முன்னதாகக் கொடுத்தால் ஹாலோபெரிடாலின் கேடு குறைகிறது, குளோசபினின் கேடு குறைவதில்லை. செரடோனின் 2ஏ வகை ஏற்பியைத் தூண்டினால் நேர்மாறு. வெளியே பார்த்தால் இரண்டு தாய்களும் ஒரேபோல் சும்மா கிடக்கின்றன. உள்ளே பூட்டப்பட்ட கதவுகள் வெவ்வேறு.

சண்டை குறைந்தால் விலங்கு சாந்தமாகிவிட்டது என்றுதானே பொருள்?

சண்டை குறைந்தது என்பது மட்டும்தான் பொருள். அந்நியன் நுழையும் சோதனையில், ஆன்டிசைக்காட்டிக் கொடுத்த எலி தாக்குவதும் குறைகிறது, மோந்து பார்ப்பதும் குறைகிறது, கூண்டில் திரிவதும் குறைகிறது. எல்லா விளக்குகளையும் சேர்த்து மங்கவைத்ததுபோல. இதனோடு ஒப்பிட எல்டோப்ரசின் என்ற பொருள் உதவும். அது ஆன்டிசைக்காட்டிக் அல்ல. செரடோனின் வழியாக வேலை செய்வது. அதைக் கொடுத்தால் தாக்குதல் குறைகிறது. மோந்து பழகும் ஆர்வம் அப்படியே இருக்கிறது. 'சண்டை மட்டும் குறைந்தது' என்றால் எப்படி இருக்கும் என்று காட்டிய பொருள் அது.

பண்ணைப் பன்றிகளுக்குக் கொடுப்பதும் இதைத்தானா?

ஆம். அசாபெரோன் ஹாலோபெரிடாலின் உறவுக்கார மருந்து. அறிமுகமில்லாத பன்றிகளை ஒரே தொழுவத்தில் சேர்க்கும்போது யார் பெரியவர் என்று முடிவாகும் வரை கடித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க இந்த ஊசி போடுகிறார்கள். மருந்து இருக்கும் மட்டும் அமைதி. மருந்து இறங்கியபின் சண்டை தொடங்குவதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. வரிசையை முடிவுசெய்யும் பேச்சுவார்த்தையே அந்தக் கடிதான். மருந்து அதைத் தள்ளிப்போடுகிறது, முடித்துவைப்பதில்லை. முந்தைய பதிலில் சொன்னதன் பண்ணை வடிவம் இது.

காட்டு விலங்குகளை இடம் மாற்றும்போது கொடுக்கிறார்களாமே?

கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இம்பாலா போன்ற மான் இனங்களை வண்டியில் ஏற்றி வேறு காப்பகத்துக்குக் கொண்டுபோகும்போது நீண்ட நேரம் வேலை செய்யும் ஆன்டிசைக்காட்டிக்குகள் பயன்படுகின்றன. ஹாலோபெரிடால் சில மணி நேரத்துக்கு. சுக்லோபென்திக்சால் அசிடேட் ஏறக்குறைய மூன்று நாளுக்கு. பெர்பெனசின் எனன்தேட் ஒரு வாரத்துக்கும் மேல். மனிதரைக் கண்டால் மிரண்டு வேலியில் மோதிச் சாகும் விலங்குக்கு அந்த ஒரு வாரம் உயிர். இங்கே 'எல்லா விளக்கும் மங்குவது' குறையில்லை. வேண்டிய பலனே அதுதான். எதற்காகக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இடிச் சத்தத்துக்குப் பயப்படும் என் நாய்க்கு ஏசிப்ரோமசின் கொடுத்ததும் அமைதியாகிவிட்டது. நல்ல மருந்துதானே?

கயிறும் மணியும் நினைவிருக்கிறதா? ஏசிப்ரோமசின் குளோர்ப்ரோமசினின் குடும்பம். நாயின் உடல் அடங்குகிறது. அச்சம் அடங்கியதற்கு அது சான்றில்லை. இந்த மருந்துக்குப் பிறகு சில நாய்கள் சத்தத்துக்கு இன்னும் அதிகமாகத் திடுக்கிடுவதும் உண்டு. பயந்த நாய் ஓடி ஒளியும், உங்கள் மடியைத் தேடி வரும். அந்த இரண்டையும் செய்யமுடியாமல் பயத்தோடு படுத்திருப்பது நல்ல நிலை அல்ல. அதனால்தான் ஒலி அச்சத்துக்கு இதைத் தனி மருந்தாகக் கொடுப்பதை விலங்கு நடத்தை மருத்துவர்கள் பலர் விரும்புவதில்லை. அச்சத்தையே குறைக்கும் வேறு மருந்துகள் இன்று இருக்கின்றன. கால்நடை மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோலி இன நாய்கள் பலவற்றிலும் அதன் கிளை இனங்களிலும் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால், வழக்கமான அளவே அவற்றுக்கு மிகையாகிவிடும். வீட்டில் மனிதருக்கு வாங்கிவைத்த மாத்திரையை எந்த விலங்குக்கும் பிட்டுக் கொடுக்காதீர்கள்.

ஜோடி சேர்வதையும் கெடுக்குமா?

ஒரு சின்ன விலங்கில் இதை அழகாகப் பார்த்திருக்கிறார்கள். அதன் பெயர் பிரெய்ரி வோல். வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்வது, பார்க்க எலியைப் போன்றது. ஆனால் பாலூட்டிகளில் அரிதான வழக்கம் கொண்டது: ஒரு துணையோடு நிலைத்துவிடும். பெண் வோலுக்கு ஹாலோபெரிடால் கொடுத்து ஆணோடு விட்டால், கலவி நடந்தாலும் அந்த ஆணிடம் தனி விருப்பம் உருவாவதில்லை. பிறகு அந்நிய ஆணும் தன் ஆணும் அதற்கு ஒன்றுதான். டோபமைனைப் போல் செயல்படும் அபோமார்பினைக் கொடுத்தால் கலவியே இல்லாமல் விருப்பம் பிறக்கிறது. பின்னர் ஆண்களிலும் இதே திசையில் முடிவுகள் வந்தன. மூளையின் அக்கும்பென்ஸ் பகுதியில் உள்ள டி2 ஏற்பிகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன என்பதும் தெரியவந்தது.

இதைப் படித்துவிட்டு 'மாத்திரை சாப்பிட்டால் காதல் வராது' என்று தலைப்பு போடுபவர்களை நான் அறிவேன். வோலின் கதை வோலின் கதை.

குட்டிகளின் விளையாட்டு?

அதுவும் குறைகிறது. இளம் எலிகள் ஒன்றன் கழுத்துப்பிடரியை மற்றது தாக்கி, மல்லாக்கத் தள்ளி விளையாடும். ஹாலோபெரிடால் போன்றவை இதை நன்றாகவே குறைக்கின்றன. வளரும் வயதில் எலிக்கு விளையாட்டே பள்ளிக்கூடம். அதனால் இளம் விலங்கில் நெடுநாள் மருந்து என்பதை ஆய்வாளர்கள் தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

புதிய மருந்துகள் ஒதுங்குதலைச் சரிசெய்யும் என்கிறார்களே?

இதுவரை சொன்னது நலமான விலங்குகளைப் பற்றி. ஒதுங்கும்படி ஆக்கப்பட்ட விலங்குகளிலும் சோதித்திருக்கிறார்கள். பென்சைக்ளிடின் என்ற போதைப்பொருளைத் தொடர்ந்து கொடுத்தால் எலி இரண்டு விதமாக மாறும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். மற்ற எலிகளை விட்டு விலகும். ஹாலோபெரிடால் முதலாவதை அடக்குகிறது, இரண்டாவதைத் தொடுவதில்லை. குளோசபின் இரண்டாவதையும் ஓரளவு மீட்பதாக முடிவுகள் வந்தன. வரிக்குதிரை மீன்களிலும் இப்படி ஒரு முயற்சி உண்டு. கூட்டமாக நீந்தும் பழக்கத்தை எம்.கே. 801 என்ற பொருளால் கெடுத்து, ஓலான்சபின் போன்றவற்றால் அதை மீட்டதாக 2011இல் வெளியானது.

ஆனால் அதே 2011இல் வந்த இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கவேண்டும். ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சி.என்.டி.என்.ஏ.பி. 2 மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். மிகை ஓட்டமும், ஓயாமல் உடலைத் துடைத்துக்கொள்வதும் குறைந்தன. பழகாமை அப்படியே இருந்தது. பழகாத இயல்புள்ள பி.டி.பி.ஆர். என்ற வகைச் சுண்டெலிகளிலும் ரிஸ்பெரிடோனால் பழகும் நேரம் கூடவில்லை. மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்சடின் கூட்டியது. ரிஸ்பெரிடோனுக்கு 2006இல் அமெரிக்காவில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான அனுமதி கிடைத்ததும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும்தான். பழகும் திறனுக்கு அல்ல. சுண்டெலியும் அனுமதிக் கடிதமும் ஒரே பேச்சைப் பேசுகின்றன. அது அடிக்கடி நடப்பதில்லை.

ஒரு ஊசி போட்டு எலியைப் பார்த்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடும் மனிதரைப் பற்றிச் சொல்லலாமா?

கூடாது. கொறிக்கும் விலங்குகளின் உடல் இம்மருந்துகளை மனித உடலைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேற்றுகிறது. மனிதரில் ஹாலோபெரிடால் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எலியில் சில மணி நேரமே. காலையில் ஊசி போட்ட எலி இரவில் மருந்தில்லாத எலி. மனிதரில் டி2 ஏற்பிகளில் 65 முதல் 80 விழுக்காடு வரை அடைபட்டால் பலன் கிடைக்கிறது. அதற்கு மேல் போனால் விறைப்பும் நடுக்கமும் தலைதூக்குகின்றன. எலியிலும் அந்த அளவைத் தொடர்ந்து தக்கவைக்க, தோலடியில் சிறு பம்பு வைத்துச் சீராக மருந்தைச் செலுத்தவேண்டும். எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தத் தகவலைத்தான்.

நீண்ட காலம் கொடுத்த ஆய்வுகளும் இருக்கின்றன. 2005இல் வெளியான ஒன்றில், மக்காக் குரங்குகளுக்கு ஹாலோபெரிடாலோ ஓலான்சபினோ 17 முதல் 27 மாதங்கள் கொடுத்தார்கள். மூளையின் எடை 8 முதல் 11 விழுக்காடு குறைந்திருந்தது. அது நடத்தையை அளந்த ஆய்வு அல்ல. ஆனால் ஒரு நாள் ஊசியில் தெரியாதவை உண்டு என்பதற்கு அது போதும்.

கூட்டத்தில் ஒரு விலங்குக்கு மட்டும் கொடுத்தால் மற்றவை என்ன செய்யும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவரை எனக்குப் பிடித்துப்போகும். பழகுதல் இருவர் ஆடும் ஆட்டம். மருந்து ஏறிய எலி பதில் விளையாட்டுக்கு வராவிட்டால், மருந்தில்லாத எலியும் சலித்து விட்டுவிடும். அந்தக் குறைவை யார் கணக்கில் எழுதுவது? அதனால் இரண்டு எலிகளின் செயலையும் தனித்தனியே எண்ணாத சோதனையில் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கூட்டமும் மூளையை மாற்றுகிறது. தனித்தனியே வைக்கப்பட்டிருந்த ஆண் மக்காக் குரங்குகளைக் குழுவாகச் சேர்த்தபோது, தலைமைக்கு வந்தவற்றின் மூளையில் டி2 ஏற்பியின் அளவீடு உயர்ந்தது, அடங்கியவற்றில் உயரவில்லை. 2002இல் வந்த ஆய்வு இது. மருந்து போய் ஒட்டும் இடமே விலங்கின் தகுதிநிலைக்கு ஏற்ப மாறுகிறது என்றால், ஒரே அளவு மருந்து தலைவனிடமும் கடைசி ஆளிடமும் ஒரேபோல் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

அப்படியென்றால் என் அண்ணன் யாரிடமும் பேசாமல் இருப்பதற்கு அவர் சாப்பிடும் மாத்திரைதான் காரணமா?

மேலே உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் இருக்கிறது. எலியை வைத்து இதற்கு ஆம் என்று சொல்லமுடியாது. மருந்து கொடுத்த பெரும்பாலான எலிகள் நலமானவை; உங்கள் அண்ணனுக்கு நோய் இருக்கிறது. ஒதுங்குதல் அந்த நோயின் அடையாளங்களிலேயே ஒன்று. மருந்து தொடங்கும் முன்பே பலரிடம் அது இருக்கும். மிரட்டும் குரல்கள் ஓய்ந்தபிறகு வீட்டாரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்ததே மருந்து. இன்னொரு பக்கம், அளவு கூடிப்போய் மந்தமாவதும் உண்மையில் நடப்பதுதான். அதை மருத்துவர்கள் அறிவார்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டு விவரங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒதுங்குதல் மாத்திரைக்கு முன்பே இருந்ததா, அல்லது மருந்தைத் தொடங்கியபோதோ அளவைக் கூட்டியபோதோ வந்ததா? அவர் தானாகப் பேச்சைத் தொடங்காமல் இருக்கிறாரா, அல்லது நீங்கள் அருகில் உட்கார்ந்து பேசினாலும் பதில் வருவதில்லையா? 'யாரிடமும் பேசமாட்டேன் என்கிறார்' என்ற ஒற்றை வாக்கியத்தைவிட இந்த இரண்டும் மருத்துவருக்கு அதிகம் உதவும்.